களிமண் வரை

ஃபொன்தனேலாஷ், கொலாரஷ்
1965 அக்டோபர் 3, ஞாயிறு

அன்புள்ள கொம்பாதிரி பெல்மீருவுக்கு,

கிரசிண்டா எழுதுகிறேன். நாலரை வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். யாரும் சாகவில்லை. நானும் ஈல்டாவும் நலம். புனித மமேது உங்களையும் அங்கே நலமாக வைத்திருக்கட்டும்.

முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். முசிஃபால் ஊர்க் கொத்தனார் செவெரீனு ஆகஸ்டில் வந்து போனார். அவரும் உங்களைப் போலக் காகிதம் எதுவும் இல்லாமல் மலை தாண்டிப் போனவர்தானே. எல்லையில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினைந்து நாள் கடலில் குளித்துவிட்டுத் திரும்பிவிட்டார். உங்களோடு ஒரே இடத்தில் வேலை என்றார். "நல்லாத்தான் இருக்கான், பேசத்தான் மாட்டேங்கறான்" என்றார். முன்பு உங்கள் வாயை மூட ஆள் வைக்க வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

ஈல்டாவுக்கு எட்டு வயது. மே மாதம் முதல் நன்மை வாங்கினாள். ஞானத்தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் கோயில்பிள்ளை நின்றார். கோயில் தொட்டியில் அவளை ஏந்திய நாளிலிருந்து நீங்கள் எனக்குக் கொம்பாதிரி, நான் உங்களுக்குக் கொமாதிரி. நீங்கள் பிரான்சுக்குப் போய்விட்டதால் அந்த உறவை யாரும் ரத்து செய்யவில்லை. வருஷத்துக்கு ஒரு அட்டையாவது போட்டிருக்கலாம்.

அறுவடை போன வாரம் முடிந்தது. ஆகஸ்டு முழுக்கக் கடல்மூட்டம் விலகவே இல்லை. ரமீஷ்குத் திராட்சை மிளகு போலச் சிறுத்துவிட்டது. மணலோடு கிடக்கும் கொடிகளுக்கு முட்டுக்குச்சி வைத்து வைத்து எனக்கும் ஃபெலிஷ்மினாவுக்கும் இடுப்பு போயிற்று. கூட்டுறவு ஒயின் கூடத்தில் மேஸ்திரி புதுச் சாற்றை நாக்கில் வைத்துப் பார்த்து, "துவர்ப்பு தொண்டையைப் பிடிக்குது. பத்து வருஷம் கழிச்சு வாங்க" என்றார். வருஷா வருஷம் சொல்வதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் என் வீட்டுக்காரர் அன்செல்முவும் சேர்ந்து வாங்கினீர்களே, கடலைப் பார்த்த மணல் துண்டு, அதை லிஸ்பன் வக்கீல் ஒருவர் கேட்கிறார். கோடை வீடு கட்டப் போகிறாராம். நீங்கள் தோண்டிய குழி பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. காற்றுக்குக் கட்டிய நாணல் தட்டி விழுந்துகிடக்கிறது. பத்திரத்தில் இரண்டு பெயர். அன்செல்முவின் இடத்தில் இப்போது நான். இன்னொன்று நீங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

என் நாத்தனார் ஃபெலிஷ்மினாவுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். இன்றும் உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள்.

அன்புடன்,
உங்கள் கொமாதிரி
கிரசிண்டா


ஷாம்பினி, பாரிஸ் அருகே
1965 அக்டோபர் 24

மதிப்புக்குரிய கொமாதிரிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கேட்டபடி ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தூதரகத்தில் முத்திரை வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு அதில் பங்கு எதுவும் வேண்டாம். எல்லாம் ஈல்டாவுக்கு. விற்றுவிடுங்கள். அந்த இடம் யாருக்கும் நல்லது செய்யவில்லை.

இங்கே அடுக்குமாடிக் கட்டட வேலை. நான் ஏழாவது மாடியில் இருக்கிறேன். அஸ்திவாரம் தோண்டும் கூட்டத்தில் கூலி அதிகம். நான் போவதில்லை. பூமிக்குக் கீழே ஓடும் ரயிலிலும் ஏறுவதில்லை, வேலைக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கிறேன். செவெரீனு கேலி செய்வான். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை.

மேஸ்திரி பிரெஞ்சுக்காரர். திராட்சைத் தோட்டத்தில் பிறந்தவராம். அவர் தாத்தா காலத்தில் பூச்சி வந்து இந்த நாட்டுக் கொடி எல்லாவற்றின் வேரையும் தின்றுவிட்டது, இப்போது இருப்பதெல்லாம் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டியது என்றார். எங்கள் ஊர்க் கொடி சொந்த வேரில் நிற்கிறது, மணலுக்குள் அந்தப் பூச்சியால் வர முடியவில்லை என்றேன். நம்பவில்லை. நான் இங்கே வந்து இவ்வளவு நீளமாகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

ஈல்டாவுக்கு என் ஆசீர்.

பெல்மீரு


ஃபொன்தனேலாஷ்
1965 நவம்பர் 21

அன்புள்ள கொம்பாதிரிக்கு,

பத்திரம் வந்தது. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வக்கீலிடம் கொடுக்கவில்லை.

நான் உங்களிடம் கையெழுத்து மட்டுமா கேட்டேன்? கொடிகள் எப்படி இருக்கின்றன, உங்களுக்கு விற்க விருப்பமா, விற்ற பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. நெருப்பில் கை பட்டவர் போல வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள். எனக்கு வருத்தம்தான்.

வக்கீல் போன புதன்கிழமை மனைவியோடு வந்து இடத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். அந்த அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள்.

"வெறும் மணல்தானே இது. இதுல எப்படிம்மா திராட்சை வெச்சீங்க?" என்றார் அவர்.

"மணலுக்குக் கீழ களிமண் இருக்குங்க ஐயா. அது வரைக்கும் குழி தோண்டி, அதுல கொடியை ஊன்றணும். அப்புறம் அது வளர வளர மணலைத் தள்ளிக்கிட்டே வரணும்."

"களிமண் எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"என் புருஷன் போன ஆழத்துல."

அவர் தொப்பியைக் கழற்றினார். இருந்தாலும் கிளம்பும்போது, "ஜனவரிக்குள்ள சொல்லுங்கம்மா" என்றார்.

கொம்பாதிரி, அன்று என்ன நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மணல் சரிந்தது, நாணல் வெட்டுகிறவர்கள் கையால் தோண்டினார்கள், நீங்கள் பிழைத்தீர்கள், அவர் பிழைக்கவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு நீங்கள் என் வாசல் வரை வந்தீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றீர்கள். நான் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டீர்கள். ஏப்ரலில் நாட்டை விட்டே போய்விட்டீர்கள்.

நான் ஏன் உங்கள் பின்னால் ஓடி வரவில்லை என்று இன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

குழியில் இறங்குகிறவன் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வது உங்கள் வழக்கம். மணல் விழுந்தாலும் ஆள் வந்து தோண்டும்வரை கூடைக்குள் மூச்சுவிடக் காற்று இருக்கும். உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று. அன்று காலை சிந்த்ராவில் ஆப்பிள் விற்கப் போனேன். என் கூடையின் கைப்பிடி பிய்ந்திருந்தது. கொட்டகையில் மாட்டியிருந்த அவர் கூடையை எடுத்து ஆப்பிளை நிரப்பிக்கொண்டு போய்விட்டேன். அவரிடம் சொல்லக்கூட இல்லை. சாயங்காலம் காலிக் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நிறுத்தத்தில் எனக்காகப் பாதிரியார் நின்றுகொண்டிருந்தார்.

சாவு வீட்டில் ஃபெலிஷ்மினா எல்லார் முன்னாலும் உங்களைப் பார்த்து, "உனக்குக் கூடை இருந்துச்சே, என் தம்பிக்கு எங்கடா?" என்று கேட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அவர் கூடையைப் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று ஊர் பேசியது. அதைக் கேட்டுக்கொண்டு இத்தனை வருஷம் அவளோடு ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்த பிறகு நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் குறை சொல்லமாட்டேன். எழுதினால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

கிரசிண்டா


ஷாம்பினி
1965 டிசம்பர் 19

அன்புள்ள கொமாதிரி,

உங்கள் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று வெளியே பனி. வேலை இல்லை. செவெரீனு சீட்டாடப் போயிருக்கிறான். இன்று எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

கூடை விஷயம் எனக்கு அன்றே தெரியும். அன்செல்மு சொன்னான்.

காலையில் நான் போனபோது அவன் குழி விளிம்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கூடை எங்கே என்று கேட்டேன். "கிரசிண்டா ஆப்பிளுக்கு எடுத்துட்டுப் போயிட்டா. இன்னிக்கு ஆப்பிள் உசுரு தப்பிச்சுது" என்று சிரித்தான். இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம் என்றேன். அவன் கேட்கவில்லை.

"டேய், இன்னும் ரெண்டு முழம் போனாக் களிமண். நாளைக்கு மழை வந்துச்சுன்னா மூணு வாரம் தோண்டினது மூடிக்கும். மாத்தி மாத்தி இறங்கலாம். கீழ இருக்கறவன் தலையில கூடை. மேல இருக்கறவன் மேலயே இருக்கணும். சரியா?"

சரி என்றேன். மதியம் வரை அவன் கீழே, கூடை அவன் தலையில். அதன் பிறகு நான். இதுவரைக்கும் குற்றம் எதுவும் இல்லை கொமாதிரி. உங்கள் மேலும் இல்லை. ஒரு கூடையை வைத்துக்கொண்டே ஒழுங்காகத்தான் வேலை நடந்தது.

இதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மணி இருக்கும். மண்வெட்டி அடித்த சத்தம் மாறியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், ஈரம், வழவழப்பு. களிமண். மூன்று வாரம் தோண்டியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலையைத் தூக்கிக் கத்தினேன்: "அன்செல்மு, வந்துடுச்சுடா. இறங்கி வந்து பாரு."

நான்தான் கூப்பிட்டேன்.

பேசிவைத்திருந்ததை நான் மறந்தேன். அவனும் மறந்தான். ஏணியில் பாதி இறங்கி மீதியைக் குதித்தான். களிமண்ணை ஒரு கை அள்ளி என் மூக்கில் அப்பினான். "இதைத்தான்டா ஈல்டா கல்யாணத்துக்குக் குடிக்கப் போறோம்" என்றான். சிரித்துக்கொண்டிருந்தான். அவன் குதித்ததில் அசைந்ததா, தானாக வந்ததா தெரியாது, கடல் பக்கத்துச் சுவர் அப்படியே சாய்ந்தது. சத்தம்கூட இல்லை. மாவு கொட்டுவது போல வந்தது.

எனக்குத் தலைக்கு மேலும் மணல். கூடைக்குள் மூச்சுவிட முடிந்தது. கையைக் காலை அசைக்க முடியவில்லை. அவன் என் காலடியில் விழுந்திருந்தான். என் கணுக்காலை ஒரு கை பிடித்தது. இறுக்கமாகப் பிடித்தது. நான் "இருடா, இருடா, வந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவனுக்குக் கேட்டிருக்காது. பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் என் கூடைமேல் ஆட்களின் விரல் பட்டது.

ஃபெலிஷ்மினா கேட்டபோது நான் ஏன் பேசவில்லை என்றால், கூடை எங்கே என்பதற்குப் பதில் சொன்னால் எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் கறுப்பு உடையில், இடுப்பில் குழந்தையோடு நின்றீர்கள். இதைப் பெரிய தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிதான் அது. பேசத் தொடங்கினால் "நான் கூப்பிட்டேன்" என்பதையும் சொல்ல வேண்டிவரும். மற்ற பாதி அதுதான். உங்கள் வாசலுக்கு வந்தது அதைச் சொல்லத்தான். முடியவில்லை.

நடந்ததை நடந்தபடி கேட்டீர்கள். களிமண் வரை எழுதிவிட்டேன்.

பெல்மீரு


ஷாம்பினி
1966 மார்ச் 6

கொமாதிரிக்கு,

பதினொரு வாரமாகிவிட்டது. கடிதம் தொலைந்துபோயிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. நீங்கள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நான் வற்புறுத்தவில்லை. ஈல்டாவின் பிறந்தநாள் வருகிறது. ஒரு வண்ணப்பெட்டி அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம்.

பெல்மீரு


ஃபொன்தனேலாஷ்
1966 ஏப்ரல் 17

அன்புள்ள கொம்பாதிரிக்கு,

கடிதம் தொலையவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. அடுப்படியில் நின்றே படித்தேன். முட்டைக்கோஸ் சூப் தீய்ந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. கூப்பிட்டேன் என்கிற அந்த ஒரு வார்த்தை. ஏன் கூப்பிட்டீர்கள், களிமண் எங்கே ஓடிப் போகப்போகிறது என்று உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன். கொடிகளைக் கவாத்து செய்யும்போது சண்டை, துணி துவைக்கும்போது சண்டை. வேகத்தில் நல்ல கிளையாக நாலைந்தை வெட்டித் தள்ளிவிட்டேன். அப்புறம் ஒருநாள், களிமண்ணை அவர் கண்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். உங்களைக் கூப்பிட்டிருப்பார். பக்கத்துக் காட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருப்பார். நான் ஊரில் இருந்திருந்தால் என்னையும் கூப்பிட்டிருப்பார். நானும் இறங்கியிருப்பேன்.

கோபம் போனதும் வேறொன்று மிஞ்சியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்று இத்தனை வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் நினைத்துவைத்திருந்தது வேறு. கூடையைத் தேடிக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு போனார் என்றுதான் நினைத்துவைத்திருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. கடைசியில் அவர் கைக்குப் பிடிக்க ஒரு கால் கிடைத்தது. வெறும் மணல் இல்லை. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரியில் அவர் நினைவுப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஃபெலிஷ்மினா பூச்சாடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கேயே சொன்னேன்.

"அண்ணி, கூடையைப் பெல்மீரு எடுக்கல. நான் எடுத்துட்டுப் போனேன், ஆப்பிளுக்கு."

அவள் சாடியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன்.

"ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றாள். பூவை அடுக்கினாள். தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

நீங்கள் எழுதிய மற்றதையும் அன்று மாலை அவள் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளே விளக்கு எரிந்தது. தபசுக்காலம் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றடியில் நான் போனால் அவள் வாளியை அப்படியே விட்டுவிட்டுப் போவாள். பக்கத்து வீட்டிலிருந்துகொண்டு அது சின்னத் தண்டனை இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வந்தது கொம்பாதிரி. அது எனக்கே ஆச்சரியம்.

வக்கீலிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வருத்தப்பட்டார். அந்த அம்மா வருத்தப்படவில்லை என்று நினைக்கிறேன், மூட்டம் அவளுக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அடுப்பில் போட்டுவிடுங்கள்.

மார்ச்சில் நாலு ஆள் வைத்துக் குழியை மறுபடி தோண்டினோம். நான் மேலே நின்று காவல் காத்தேன். பக்கச்சுவருக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல், தலையில் கூடை இல்லாமல் ஒருவனும் இறங்கக்கூடாது என்றேன். "கிரசிண்டாக்கா, திருவிழாச் சப்பரம் தூக்கற மாதிரி இருக்கு" என்று முனகினார்கள். முனகட்டும். பதினேழாம் நாள் களிமண் வந்தது. யாரும் கத்தவில்லை. தோண்டுகிறவர்களின் தலைவர் மேலே ஏறி வந்து, என் பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொன்னார்.

எல்லாரையும் மேலே வரச் சொல்லிவிட்டு நான் இறங்கினேன். கீழே காற்றுச் சத்தமே இல்லை, கடலும் கேட்கவில்லை. நம் பழைய கொடியிலிருந்து வெட்டிய ரமீஷ்குக் குச்சிகளை வரிசையாக ஊன்றி, களிமண்ணை மிதித்து இறுக்கினேன். பாதி வரிசை உங்களுடையது. முதல் பழம் பார்க்க அஞ்சு வருஷமாவது ஆகும். அதுவரை மணல் தள்ளவும் தட்டி கட்டவும் நான் ஒருத்தியே என்றால் நியாயமா?

இதுவரை எழுதி, உயிர்த்த ஞாயிறுக்கு முன்னாலேயே அனுப்ப வைத்திருந்தேன். அனுப்பாமல் விட்டது நல்லதாயிற்று. திங்கட்கிழமை காலை ஃபெலிஷ்மினா கதவைத் தட்டினாள். கையில் முட்டை வைத்துச் சுட்ட பண்டிகை ரொட்டி. உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருஷம் அவனைத் திட்டினேன். இனிமே உன்னைத் திட்ட ஆரம்பிக்கணும்னா எனக்குத் தெம்பு இல்ல. முட்டி வேற வலிக்குது" என்றாள்.

ரொட்டியை வெட்டினேன். இரண்டு துண்டு தின்றாள்.

"அவனுக்கு எழுதறியாமே. எனக்கு எழுத வராது. நான் சொல்றதை எழுது" என்றாள். பேனாவை எடுத்தேன். அவள் சொன்னது சொன்னபடி:

"பெல்மீரு, நான் ஃபெலிஷ்மினா. இங்க எல்லாரும் சௌக்கியம். ஆகஸ்ட்ல எல்லாரும் வர்றாங்க, நீ மட்டும் பெரிய மனுஷன் மாதிரி அங்கேயே உக்காந்திருக்க வேண்டாம். வந்தா மொத நாள் சாப்பாடு என் வீட்டுல. கிரசிண்டா வீட்டுல சாப்பிட்டுட்டேன், வயிறு ரொம்பிடுச்சுன்னு கதை சொல்லக்கூடாது. மத்தி சுட்டு வெக்கறேன்."

அதோடு நிறுத்தினாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கோன்னு ஒரு வரி போடட்டுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு. மத்தி எத்தனைன்னு போடு."

"எத்தனை?"

"பன்னெண்டு."

பன்னிரண்டு மத்தி. எழுதிவிட்டேன்.

உங்கள் கொமாதிரி
கிரசிண்டா